பாம்புக் காது

தங்கை போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, பட்டறையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, அவள் சொல்வதையெல்லாம் நிதானமாகக் கேட்டேன்.

“நாலு நாளா மனுஷியாட்டம் தூங்கறேன்க்கா. கண்ணாடியில பாத்தா என் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியுது.”

“இன்னிக்கும் மத்தியானம் நல்லாத் தூங்கு. போனை சைலண்ட்ல போட்டுடு. யார் கூப்பிட்டாலும் எடுக்காத. நானே கூப்பிட்டாலும் எடுக்காத.”

“சரி. உன் பொட்டி இருக்கே, அவ்வளவு சமத்து. காலையில அவர் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பாப்பாவைக் குளிப்பாட்டத் தூக்கிட்டுப் போயிருக்காரு. நான் அசந்து தூங்கிட்டிருந்தேன். முழுசா அரை மணி நேரம். பொட்டி மூச்சு விடலையே. பழைய மாதிரி இருந்தா ஊரையே கூட்டியிருக்கும்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் உள்ளே இறங்கவில்லை. குழந்தை படுக்கையில் இல்லை. அரை மணி நேரம் இல்லை. குழந்தையின் மூச்சு இருபது வினாடி நின்றால் கத்த வேண்டிய பெட்டி, குழந்தையே இல்லாத படுக்கையைக் கேட்டுக்கொண்டு, எல்லாம் நலம் என்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தங்கை அதைப் பாராட்டுகிறாள்.   

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழு முறை கூப்பிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்டே பழக்கமில்லாதவள், இன்றைக்குப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். வண்டியில் உட்கார்ந்தால் போனை அணைத்துவிடுவார். அவருக்கும் மூன்று முறை அடித்துப் பார்த்தேன்.

எங்கள் பட்டறையில் மூன்று பேர். ஆர்டர் பிடிப்பவர் முதலாளி. பற்றவைப்பவள் ஈயக்கா, பெற்றவர்கள் வைத்த பேர் வேறு, இருபது வருஷமாக ஈயத்தோடு குடித்தனம் நடத்துவதால் இந்தப் பேர். எந்த இடத்தில் எந்த உதிரி வர வேண்டும் என்று முடிவு செய்பவள் நான். அரைப் பக்கத்தில் முடிவதற்கு நாலு பக்கம் கணக்குப் போடுவேன் என்று முதலாளி என்னைக் கணக்கு டீச்சர் என்பார். முன்பெல்லாம் கடைகளுக்கு மின் தராசு செய்துகொண்டிருந்தோம். ஒரு வருஷமாக இந்த மூச்சுப் பெட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து பலவீனமான குழந்தைகளை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் வாங்குகிறார்கள்.

பெட்டி பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மெத்தைக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு ஒன்று. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கும்போது தகடு அழுந்தும், அழுந்தினால் ஒரு துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதைப் பெருக்கித் தருவதற்கு ஆப்-ஆம்ப் என்று எட்டுக்கால் கறுப்புச் சில்லு இருக்கிறது. எத்தனை மடங்கு பெருக்குவது என்று அது தானாக முடிவு செய்யாது. அதன் காலோடு கட்டும் இரண்டு ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள்தான் முடிவு செய்யும். பெரியதைச் சின்னதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் மடங்கு. சின்னது ஆயிரம் ஓம், பெரியது நாற்பத்தேழாயிரம் ஓம் என்றால் நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு. எங்கள் பட்டறையில் இதற்குக் காது என்று பேர். “காது எவ்வளவு வெச்சிருக்க?” என்று முதலாளி கேட்டால், “நாப்பத்தெட்டு” என்பேன்.

பாப்பா ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இரண்டு முறை மூச்சு விட மறந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. நர்ஸ் உள்ளங்காலில் சுண்டியதும் பாப்பா நினைவு வந்ததுபோல் மறுபடி மூச்சை இழுத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது, இன்னும் மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எதற்கு விளக்கெண்ணெய், அக்கா செய்கிற பெட்டி இருக்கிறதே என்று நானே ஒன்றைக் கொண்டுபோய்ப் பொருத்தினேன். காது நாற்பத்தெட்டு. நிறைமாதக் குழந்தைகளுக்குப் போதும். பாப்பாவின் நெஞ்சு ஒரு உள்ளங்கை அகலம். அவள் மூச்சு தகட்டுக்கே எட்டவில்லை. பெட்டி ஒரு நாளைக்குப் பத்து தடவை, பதினொரு தடவை ஒன்றுமில்லாததற்குக் கத்தியது. ஒவ்வொரு முறையும் தங்கை பாய்ந்து போய்க் குழந்தையை உலுக்கினாள். புலி வருது கதையில் ஊர்க்காரர்கள் நாலாவது நாள் வராமல் இருந்துவிடலாம். தாய் அப்படி இருக்க முடியாது, ஒவ்வொரு முறையும் புலி வந்ததாகவே நினைத்து ஓட வேண்டும். மூன்று வாரத்தில் அவளுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதுவிட்டு வைத்தாள்.

வாங்கிய மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள். “உன் பொட்டிக்குக் காது மந்தம்மா, பெருசாக்கு” என்றார் முதலாளி.

கணக்குப் போட்டேன். நாலு பக்கம். கணக்கு நூறு என்றது. பெரிய ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நூறாயிரம் ஓம் போட்டால் நூற்றியொரு மடங்கு. பாப்பா அளவுக் குழந்தைக்குப் போதும். நோட்டில் எழுதி அடியில் கோடும் இழுத்தேன். பிறகு ரெசிஸ்டர் இழுப்பறையைத் திறந்துகொண்டு நின்றேன். நூறு போட்டு, அப்புறமும் ஒரே ஒரு தடவை தவறாகக் கத்திவிட்டால்? அவள் மறுபடி கூப்பிட்டுப் பேசாமல் அழுதால்? பழுப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட நூறாயிரத்தின் மேல் போன கை, நகர்ந்து இழுப்பறையின் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. மஞ்சள், ஊதா, மஞ்சள். நானூற்று எழுபதாயிரம் ஓம். காது நானூற்று எழுபத்தொன்று. கூட இருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தேன். அந்த எண்ணைக் கணக்கு எடுக்கவில்லை, பயம் எடுத்தது. நோட்டில் நூறை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்.

“பாம்புக் காதுன்னு சொல்லு” என்று முதலாளி சிரித்தார். அதுவே பேராகிவிட்டது. பாம்புக்குக் காதே கிடையாது என்று ஈயக்கா சொன்னாள், அதற்கும் சிரித்தோம். பட்டறையில் எங்களிடம் குழந்தைக்குப் பதிலாக ஒரு மணல் பை உண்டு. மோட்டார் அதை ஏற்றி இறக்கும். மோட்டாரை நிறுத்தினால் பெட்டி இருபதாவது வினாடி சரியாகக் கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? சிமெண்ட் மேடையில் தனியாகக் கிடக்கும் மணல் பைக்குப் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள்? அன்றைக்கு இது தோன்றவில்லை. நாலே நாளில் பதினாலு பாம்புக் காதுகள் வெளியே போயின. முதலாவது தங்கை வீட்டுக்கு. அதற்கப்புறம் ஒரு வீட்டிலிருந்தும் புகார் இல்லை.

நான் உள்ளே ஓடியபோது ஈயக்கா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். காத்தாடி அதிர்வாக இருக்குமோ, வாஷிங் மெஷின் ஓடியிருக்குமோ, தகட்டு ஒயர் ஆடியிருக்குமோ என்று நானே காரணங்களை அடுக்கினேன். ஏதாவது ஒன்றுக்கு அவள் தலையாட்டினால் போதும் என்றிருந்தது.

“உன் தங்கச்சி பக்கத்துலயே படுத்திருந்தாளா?”

“குழந்தையைத் தனியாப் படுக்க வைக்கணும்னு பொட்டியோட குடுக்கற தாள்ல போட்டிருக்கேனேக்கா. மூணாவது வரி.”

“எந்த வீட்டுல தனியாப் படுக்க வைக்கறாங்க?” என்றாள் ஈயக்கா. மூன்று பிள்ளை பெற்றவள். 

பெட்டி அடுக்கும் அறையில் வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மெத்தை உண்டு. அதைத் தரையில் விரித்து, ஒரு ஓரத்தில் தகட்டைச் சொருகி, பாம்புக் காது வைத்த பெட்டியை என் தலைமாட்டில் வைத்தாள். காத்தாடியை நிறுத்தினோம். தகட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. நான் மறு ஓரத்தில், தகட்டிலிருந்து ஒரு கை தள்ளி, ஒருக்களித்துப் படுத்தேன். பச்சை விளக்கு சிமிட்டியது. ஒரு மூச்சு, ஒரு சிமிட்டல். அடுத்த மூச்சு, அடுத்த சிமிட்டல். மூச்சைப் பிடித்தேன். விளக்கு அணைந்தது. ஈயக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பதினைந்து, பதினெட்டு, இருபதில் பெட்டி வீறிட்டது. நான் தாங்காமல் இழுத்து மூச்சு விட்டதும் பெட்டிக்குத் திருப்தி. உடனே வாயை மூடிக்கொண்டு பச்சையாகச் சிமிட்டியது. தகட்டுக்கு மேல் இருந்த இடம் காலியாகவே இருந்தது.

ஈயக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். நான் சால்டரிங் அயர்ன், திருப்புளி, ஒரு பிடி நூறாயிரம் ஓம், எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பையில் போட்டேன். பாதிச் சாப்பாடு அதற்குள்ளேயே இருந்தது. பெட்டி போட்ட சத்தம் கேட்டு முதலாளி வந்து வாசலில் நின்றார்.

அவரிடம் சொன்னேன். தாய் பக்கத்தில் படுத்தால் பெட்டி தாயின் மூச்சைக் கேட்டுக்கொள்கிறது, குழந்தையின் மூச்சு நின்றாலும் அதற்குத் தெரியாது, பதினாலு வீட்டிலும் இதே கதை. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு வழக்கமான முகத்தைப் போட்டுப் பார்த்தார்.

“சனிக்கிழமை மத்தியானம்மா. யாரை எங்க பிடிக்கறது? திங்கக்கிழமை எல்லாத்தையும் வரவழைச்சிடலாம். நாமளே பீதியைக் கெளப்பக் கூடாது.”

“திங்கக்கிழமை வரைக்கும் மூச்சு காத்துட்டு நிக்குமா?” என்றாள் ஈயக்கா.

முதலாளி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “கணக்கு என்ன சொல்லுச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். கணக்கே தப்பு என்று சொன்னால் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடுவார். “நூறு சொல்லுச்சு” என்றேன். “நான்தான் கூட வெச்சேன்.”

 திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. மேசைக்குப் போய் விலாச நோட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் நம்பரை அழுத்தினார். “நீ உன் தங்கச்சியைப் பாரு, மத்ததுக்கு நான் பேசறேன்” என்றார்.

ஈயக்கா வண்டி ஓட்டுவதைப் பற்றி ஆயிரம் கேலி பேசியிருக்கிறோம். அன்றைக்கு இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்று இருந்தது. சிக்னலில் நின்றபோதெல்லாம் நான் எண்ணினேன். இருபது எண்ணி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அதற்கு முன் எனக்கு உண்மையில் தெரியாது. பெட்டியில் அந்த இருபதை வைத்தவளும் நான்தான். ஒரு சிக்னலில் நாலு இருபது எண்ணினேன். மூச்சு நின்றால் மூளை எத்தனை இருபது தாங்கும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, அதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஈயக்கா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஆகியிருக்காது. பேசாம வா” என்றாள். நான் பேசவே இல்லை.

தங்கை வீட்டுக் கதவைக் கையால் தட்டினேன், பிறகு பையில் இருந்த திருப்புளியின் கைப்பிடியால் தட்டினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கடைசியில் தாழ்ப்பாள் சத்தம். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருக்க, தங்கை கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு தெளிவான முகத்தை அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது.

“என்னக்கா இந்த நேரத்துல, சொல்லாம கொள்ளாம?”

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவர்ப் பக்கம் பாப்பா, இந்தப் பக்கம் தங்கை படுத்து எழுந்த குழி. பெட்டியில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சிமிட்டினால் சிமிட்டட்டும், அது சொல்வதை நான் இனிமேல் நம்பப் போவதில்லை. நான் கட்டிலில் கை ஊன்றியதையே அது மூச்சு என்று எடுத்துக்கொள்ளும். குனிந்து பாப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் விரல் நுனிகள் சோதனைக்கு நானே பற்றவைத்துப் பன்னிரண்டு வருஷச் சூட்டில் மரத்தவை, கொதிக்கிற டம்ளரையே சாதாரணமாகப் பிடிப்பேன். புறங்கையை வைத்தேன். அதிலும் தெரியவில்லை. அவள் முகம் அசையவில்லை. போர்வையை இழுத்துவிட்டு உள்ளங்காலில் சுண்டினேன். இன்னொரு முறை, பலமாக.

பாப்பா முகத்தைச் சுளித்தாள். முழு உடம்பும் சிவந்தது. பிறகு வீட்டைக் கூட்டி அழுதாள்.

“இப்பதானே தூங்கினா, உனக்கென்ன பைத்தியமா?” என்று தங்கை வந்து வாரி எடுத்தாள். நான் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈயக்கா வாசலிலேயே நின்றாள். அழுகை அடங்கி, பாப்பா தோளில் சாய்ந்து விக்கும்வரை நான் காத்திருந்தேன். அப்புறம் சொன்னேன். மறைக்காமல், நூறு என்று எழுதி அடித்தது வரைக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவளின் முகத்திலிருந்த தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது.

“அப்ப நாலு நாளா அது கேட்டது என் மூச்சையா?”

“ஆமா.”

“நான் நல்லாத் தூங்கத் தூங்க, அது பச்சையா சிமிட்டிட்டே இருந்திருக்கு.”

 அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் என் பென்சிலை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு அவளே கத்துவாள்.

“நீதானே தூங்கச் சொன்ன” என்றாள், மெதுவாக. 

சமையலறை மேடையில் பெட்டியைத் திறந்தேன். அயர்ன் சூடாகக் காத்திருந்தேன். நானூற்று எழுபதை உருவி எடுத்துவிட்டு நூறை வைத்தேன். ஈயக்கா என்னை நகர்த்திவிட்டுத் தானே பற்றவைத்தாள். ஈயம் பளபளவென்று உட்கார்ந்தது. தங்கை குழந்தையோடு நிலைப்படியில் சாய்ந்து நின்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, பட்டறைக்கு வெளியே, நான் போடுகிற உதிரியின் மதிப்பை யாரோ கேட்டார்கள். “இது எவ்வளவு?” என்றாள். சொன்னேன். “இது தப்பாக் கத்துமா?” என்றாள். எப்போதாவது கத்தலாம் என்றேன். “கத்தட்டும்” என்றாள்.

இனி மணல் பையில் சோதிக்க நான் தயாராக இல்லை. தகட்டை முன்பு இருந்த இடத்திலேயே வைத்தேன். பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தங்கை கட்டிலில் ஏறி, அந்தக் குழியிலேயே, தூங்குகிற மாதிரி ஒருக்களித்துப் படுத்தாள். சுவர்ப் பக்கம் காலி. ஈயக்கா போனில் வினாடிகளைப் பார்த்தாள். விளக்கு, அவள் படுத்த அதிர்வில் இரண்டு முறை சிமிட்டியது. அப்புறம் நின்றது. தங்கையின் தோள் ஏறி இறங்குவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, விளக்குக்குத் தெரியவில்லை. ஐந்து. பத்து. பதினாலில் விளக்கு ஒரு முறை சிமிட்டியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தங்கை காலை அசைத்துவிட்டாளாம். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து. பதினைந்து. என் தோளில் பாப்பாவின் விக்கல் ஒன்று தெறித்தது. பத்தொன்பது.

பெட்டி வீறிட்டது. மூன்று வாரமாக அவளைப் பைத்தியமாக்கிய அதே சத்தம். யாரும் அதை நிறுத்தவில்லை. தங்கை எழுந்திருக்காமல் அப்படியே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண்ணீர் மூக்கைத் தாண்டி மறு பக்கம் இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள். ஈயக்காதான் கடைசியில் கையை நீட்டி அணைத்தாள்.

“இனிமே நான் கீழே படுத்துக்கறேன்” என்றாள் தங்கை. “என் மூச்சு அவகிட்டப் போகக் கூடாது, அவ்வளவுதானே.”

அப்படியில்லை, இப்போது மாற்றியாகிவிட்டது, பக்கத்தில் படுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? அவள் தன் தலையணையை எடுத்துத் தரையில் போட்டு, கட்டிலிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி இழுத்தாள். போதாது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் ஒரு எட்டுத் தள்ளிவைத்தாள்.

முதலாளி கூப்பிட்டார். அவர் குரல் தண்ணி குடிக்காமல் நாள் முழுக்கப் பேசியவர் குரலாக இருந்தது. “பதினோரு வீடு எடுத்தாங்கம்மா. பொட்டியை எடுத்து ஓரமா வைங்க, கண்ணால பாருங்க, நாங்க வர்றோம்னு சொல்லிட்டேன். பதினோரு குழந்தையும் நல்லாருக்கு. ஒருத்தர் நல்லாத் திட்டினார். திட்டட்டும்.”

“மீதி ரெண்டு?”

“எடுக்கல. ஒரு வீட்டுக்கு நான் கெளம்பிட்டேன். இன்னொண்ணு நீ இருக்கற இடத்துலருந்து பக்கம். விலாசம் அனுப்பறேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அது ரெட்டைக் குழந்தைம்மா. ஒரே பொட்டி. ஒருத்தி நல்லாருக்கா, இன்னொருத்திக்குத்தான் வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க.”

ஒரே மெத்தையில் இரண்டு குழந்தை. ஒருத்தி நன்றாக மூச்சு விட்டால் பெட்டிக்குப் போதும், இன்னொருத்தியைக் கேட்கவே கேட்காது. நான் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றேன். தங்கைக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். பாப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “போ” என்றாள். என்னை மன்னித்தாளா என்று அந்த ஒரு எழுத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. ஈயக்காவுக்கு மூச்சு வாங்கியது, நான் முன்னால் ஏறினேன். வழியில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு சத்தம், டிவி, பாத்திரம், யாரோ யாரையோ கூப்பிடுவது. மூன்றாவது மாடியில் இடது பக்கக் கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கொடியில் ஒரே மாதிரி இரண்டு இரண்டாகச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. குழந்தைகள் விழிக்காமலிருக்க, அழைப்பு மணியின் பொத்தானுக்கு மேல் காகிதத்தை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். விரல் முட்டியால் தட்டினேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கம்பெனியிலிருந்து வருகிறோம் என்பதா, பெட்டியில் சின்னக் கோளாறு என்பதா, குழந்தைகள் எங்கே என்பதா.

உள்ளே செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத நடை. கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. கலைந்த தலையோடு ஒரு சின்ன வயது அப்பா, நான் வாயைத் திறப்பதற்குள், உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.